நாற்றங்காலில் ஒரு கல்வி

கொடைக்கானல் நகரத்தைக் கடந்து தென்புறம் செல்லும் சாலை, மலையின் விளிம்பில் வட்டக்கானல் என்னும் சிற்றூரில் முடிகிறது. 1980களின் நடுவில் ராபர்ட் ஸ்டூவர்ட், தான்யா பால்கர் என்னும் இருவர் இங்கிலாந்திலிருந்து வந்து அவ்வூரில் வாழத் தொடங்கினர். அவர்கள் தாவரவியலில் பட்டம் பெற்றவர்கள் அல்லர். எந்த அரசுத் துறையும் அவர்களை அனுப்பவில்லை. பழனி மலையின் காடுகளைக் காக்கும் பணியில் அவர்கள் தொழில் பழகிய இடம் நாற்றங்கால்.

மரம் நடுவதற்குப் பயிற்சி எதற்கு என்னும் வினா எவர்க்கும் எழும். குழி தோண்டி, கன்றை வைத்து, மண்ணைத் தள்ளி, நீர் ஊற்றுவதைச் சிறுவரும் செய்வர். ஆண்டுதோறும் பள்ளிகளில் அது விழாவாகவே நடைபெறுகிறது. ஆனால், பழனி மலையின் அண்மைக்கால வரலாற்றை அறிந்தவர் இவ்வினாவை அத்தனை எளிதாக எழுப்பார். அம்மலையின் துயரத்திற்குக் காரணமானவர்களுள் மரம் வெட்டியோர் மட்டுமல்லர், மரம் நட்டோரும் உளர்.

பழனி மலையின் மேற்பகுதி இரு நிலங்களால் ஆனது. மடிப்புகளிலும் ஓடைக்கரைகளிலும் அடர்ந்து நிற்பது சோலை. இத்தமிழ்ச்சொல்லையே உலக அறிவியலாளரும் அக்காட்டுக்குரிய பெயராக ஏற்றுக்கொண்டனர். சோலையைச் சூழ்ந்து, குன்றுகளின் முதுகுகளில் பரந்து கிடப்பது புல்வெளி. மழைநீரையும் மூடுபனியின் ஈரத்தையும் இவ்விரண்டும் தாங்கி, மண்ணுள் இறக்கி, கோடையிலும் ஓடைகளாகக் கசியவிடுகின்றன. வரதமாநதி, குதிரையாறு, மஞ்சளாறு, மருதாநதி ஆகியவற்றின் நீரால் விளையும் வயல்கள் மலையடிவாரத்தில் உள்ளன. அவற்றின் நெல்லுக்கும் கரும்புக்கும் தொடக்கம் மேலே உள்ளது.

இப்புல்வெளியைக் கண்ட வெளிநாட்டவர் அதனை வெற்றுநிலம் என எண்ணினர். காடு அழிந்த இடத்தில் புல் மிஞ்சியது என்று கருதினர். அது பிழையான கணிப்பு. இதே அமைப்புடைய நீலகிரியில் சதுப்பு நில மண்ணை ஆராய்ந்தவர்கள், 20,000 ஆண்டுகளுக்கு முன்பே அங்குப் புல்வெளிகள் இருந்தமையைக் கண்டறிந்தனர். புல்வெளி, மரம் இல்லாத குறை உடைய நிலம் அன்று. தனக்கெனச் செடிகளும் பறவைகளும் விலங்குகளும் கொண்ட முழுமையான நிலம். குறிஞ்சி மலர்வதும் வரையாடு மேய்வதும் அங்கேதான்.

ஆயினும் புல்வெளிகளில் மரங்கள் நடப்பட்டன. தோல் பதனிடப் பட்டை வேண்டும் என்று ஆஸ்திரேலியாவின் வாட்டில் வந்தது. விறகுக்கும், பின்னர் செயற்கைப் பட்டு ஆலைகளின் மரக்கூழுக்கும் என்று யூகலிப்டஸ் பரவியது. பைன் மரங்களும் வரிசை வரிசையாக எழுந்தன. இன்று சுற்றுலாப் பயணியர் நின்று படம் எடுத்துக்கொள்ளும் பைன் காடு அவ்வகையில் வந்ததே. செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு 2018ஆம் ஆண்டு வெளியிடப்பட்ட ஓர் ஆய்வு, நாற்பது ஆண்டுகளில் பழனி மலைப் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு மறைந்துவிட்டது எனக் காட்டியது. மரத்தோட்டங்களும் வேளாண்மையும் அவ்விடத்தைப் பிடித்திருந்தன.

பழனி மலைப்பகுதியை ஆண்ட பேகன், மயிலுக்குப் போர்வை அளித்தான் என்பதைத் தமிழ் பயின்றோர் அறிவர். அது மயிலுக்குப் பயன்படுமா என்று அவன் எண்ணவில்லை. ஆராயாது கொடுக்கும் அப்பண்பைக் கொடைமடம் என்று கூறிச் சான்றோர் போற்றினர். பேகனின் போர்வையால் மயிலுக்குத் தீங்கு நேரவில்லை. வேண்டாதபோது அது உதறிவிட்டுச் சென்றிருக்கும். மலைக்குப் போர்த்தப்பட்ட மரப்போர்வையோ அவ்வாறு உதறக் கூடியதன்று. காட்டுப்பணியில் கொடைமடம் அறமாகாது என்பதைச் சற்றுக் கடுமையாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

ஆகவே, இப்பணிக்குப் புதிதாக வருபவர் முதலில் பழக வேண்டியது பார்ப்பதற்கு. சோலைக்குள் நுழையும் புதியவர்க்கு எல்லா மரமும் ஒன்றுபோலவே தோன்றும். பாசி படர்ந்த முறுக்கேறிய அடிமரம், தோல்போல் தடித்த சிறிய இலை, இளந்தளிரில் செம்மை. இவை பல இனங்களுக்கும் பொது. இலையின் நரம்பையும் கிள்ளினால் எழும் மணத்தையும் காயின் வடிவத்தையும் கொண்டே நாவல் இனம் இது, இலவங்க இனம் இது, காட்டுச் செண்பகம் இது எனப் பிரித்தறிய இயலும். இதற்குச் சில நாள்கள் போதா. மழையிலும் பனியிலும் வெயிலிலும் ஒரே மரத்தின் கீழ்ப் பலமுறை நின்றாக வேண்டும்.

இக்கல்விக்குப் பழனி மலையில் ஒரு மரபு இருந்தது. செண்பகனூரில் இயேசு சபைத் துறவியர் 1895இல் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் ஒன்றைத் தொடங்கினர். அங்கு வாழ்ந்த ஆங்கலாடு அடிகளார் இம்மலைச் செடிகளை வண்ண ஓவியங்களாகத் தீட்டினார். அவ்வழியில் வந்தவர் கே. எம். மாத்யூ அடிகளார். திருச்சிராப்பள்ளித் தூய வளனார் கல்லூரியில் 1967இல் இராபினாட் தாவரக் காப்பகத்தை நிறுவிய அவர், பழனி மலைத் தாவரங்களைப் பற்றிய பெருநூலை 1999இல் வெளியிட்டார். வட்டக்கானலில் தொழில் பழகிய இருவர்க்கும் அவர் வழிகாட்டியாக அமைந்தார். செடியின் பெயர் தெரியாமல் அதனைக் காக்க இயலாது. பெயர் சொல்லித் தர ஒருவர் வேண்டும். நூல் வழியே வந்த அறிவு இது. அம்மலையின் தொல்குடியினரான பளியரிடம் வேறு வகை அறிவு உண்டு. எந்த மரம் எப்போது காய்க்கும், எக்கனியை எவ்விலங்கு தேடி வரும் என்பன அவர்தம் வாழ்விலிருந்தே பெற்ற செய்திகள். இரண்டையும் மதிக்கத் தெரிந்தவரே இத்தொழிலில் தேறுகிறார்.

அடுத்த பாடம் விதை. நெல்லையும் பயற்றையும் உலர்த்திக் குதிரில் வைத்துப் பழகிய கைகளுக்குச் சோலை விதை வியப்பளிக்கும். சோலை மரங்கள் பலவற்றின் விதைகள் உலர்ந்தால் உயிரிழந்துவிடும். கனி உதிரும் நாளில் அங்கு இருக்க வேண்டும். குரங்கும் அணிலும் பறவையும் விட்டுவைத்ததைப் பொறுக்க வேண்டும். சதையைக் கழுவி நீக்கி உடனே விதைக்க வேண்டும். பின்னர் காத்திருப்பது. சில இனங்கள் சில வாரங்களில் முளைக்கும். சில பல மாதங்கள் மண்ணுள் வாளாவிருக்கும். முளைக்கவில்லை என்று எண்ணித் தொட்டியைக் கவிழ்த்தவர், அதில் வேர் விட்டிருந்ததைக் கண்டு வருந்துவது நாற்றங்கால்களில் புதிய செய்தியன்று. முளைத்த பின்னும் சோலை நாற்று விரைந்து வளர்வதில்லை. யூகலிப்டஸ் ஆள் உயரத்தைத் தாண்டும் காலத்தில் இது ஒரு சாண் நிற்கும். ஊதியத்திற்கு வரும் இளைஞர்க்கு இம்மெதுமை பெருஞ்சோதனை. மாலையில் வீடு திரும்புகையில் இன்று செய்தது இது என்று காட்ட அவர் கையில் ஒன்றும் இராது.

அயல்மரங்களை வெட்டுவதற்கும் பயிற்சி வேண்டும் என்பது பலரும் எண்ணிப் பாராதது. வாட்டில் விதை மண்ணுள் பல்லாண்டுகள் உறங்கவல்லது. தாய்மரம் வீழ்ந்து வெயில் பட்டாலும், தீப் பட்டாலும் ஆயிரக்கணக்கில் முளைத்தெழும். தென்னாப்பிரிக்காவிலும் இதே இன்னல் உண்டு. அங்கு ஆறுகளின் நீரைக் காக்க அயல்மரங்களை அகற்றும் அரசுத் திட்டம் 1995இல் தொடங்கியது. வேலையற்ற எளிய மக்களே அதில் பயிற்சி பெற்றுப் பணியாற்றினர். ஒருமுறை வெட்டினால் போதாது, மீண்டும் மீண்டும் திரும்பிச் சென்று முளைகளைப் பிடுங்க வேண்டும் என்பதை அவர்கள் பட்டறிந்தனர்.

வட்டக்கானலில் தொழில் பழகியவர்கள் இன்னும் நுட்பமான ஒன்றைக் கண்டனர். முதிர்ந்த வாட்டில், பைன் தோட்டங்களின் நிழலில், பறவைகள் இட்ட விதையிலிருந்து சோலைக் கன்றுகள் தாமாகவே எழுந்து நின்றன. திறந்த வெளியில் உறைபனியால் கருகும் கன்றுக்கு அயல்மரத்தின் நிழலே தொட்டிலாகியிருந்தது. அங்குக் கோடரியை ஓங்குவது வளரும் சோலையையே வெட்டுவதாகும். புல்வெளியுள் புதிதாக நுழையும் வாட்டில் கன்றுகளையோ உடனே களைய வேண்டும். ஒரே மரம் ஓரிடத்தில் விடத்தக்கது, மற்றோரிடத்தில் விலக்கத்தக்கது. இம்முடிவை ஆணைத்தாளில் எழுதி எல்லா இடத்திற்கும் அனுப்ப இயலாது. அவ்விடத்தில் நிற்பவரே எடுக்க வேண்டும்.

தொடக்கத்தில் செடியின் பெயர் கேட்டுக்கொண்டிருந்த அவ்விருவரும் ஊரார் சிலரும் சேர்ந்து வட்டக்கானல் பாதுகாப்பு அறக்கட்டளையை அமைத்தனர். உலகில் பழனி மலையில் மட்டுமே காணப்படும் உருத்திராட்சக் குடும்பத்து அரிய மரமான எலியோகார்பஸ் பிளாஸ்கோயியின் நாற்றுகள் அவர்களது முயற்சியால் வளர்ந்தன. சோலை மரங்களோடு புல்வெளிப் புற்களையும் நாற்றாக வளர்த்தனர். புல்லுக்கு நாற்றங்காலா என்று நகைத்தோரும் இருந்திருக்கக் கூடும். 2013இல் இம்மலைப்பகுதி கொடைக்கானல் வனவுயிரினச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. மேலே சுட்டப்பெற்ற 2018ஆம் ஆண்டின் ஆய்வுக் கட்டுரையை எழுதியோர் பட்டியலில், அறிவியலாளர்களுக்கு நடுவே ராபர்ட் ஸ்டூவர்ட்டின் பெயரும் உள்ளது.

மார்கழி, தை மாதங்களில் கொடைக்கானலின் புல்வெளிகள் விடியலில் உறைபனியால் வெண்மை பூண்டிருக்கும். அந்நாள்களில் நாற்றங்கால் பணியாளரின் முதல் வேலை, நாற்றுகளின் மேல் இரவில் விரித்த மறைப்பை வெயில் ஏறும் வேளையறிந்து விலக்குவது. பின்னர் வரிசை வரிசையாகக் குனிந்து பார்த்துச் செல்வார். கருகியவை இருக்கும். முளைக்காது எனக் கைவிட்ட தொட்டி ஒன்றில் வளைந்த வெண்முளை ஒன்று மண்ணைத் தூக்கிக்கொண்டு நிற்கும். அதன் பெயரும் விதைத்த நாளும் எழுதிய தகட்டைத் துடைத்து நேராகக் குத்தி வைத்துவிட்டு, அவர் அடுத்த வரிசைக்குச் செல்வார்.