சுவருக்குக் காது, காருக்கு வாய்!

சுவருக்குக் காது உண்டு என்று நம் பாட்டிமார்கள் சொல்லி வைத்தார்கள். காருக்கு வாய் முளைக்கும் என்று அவர்கள் கண்டார்களா, என்ன? இன்றைய காரில் ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் ஒரு கண்ணாடிப் பலகை இருக்கிறதே, அது பாடுகிறது, வழி சொல்கிறது, யாராவது டெலிபோனில் கூப்பிட்டால், அவர் சொல்வதைக் காரில் உள்ள அத்தனை பேருக்கும் உரக்க ஒலிபரப்புகிறது!

"இதெல்லாம் ஆண்கள் சமாசாரம், நமக்கென்ன?" என்று பக்கத்தைப் புரட்டி விடாதீர்கள், சகோதரிகளே! நம் வீட்டு ரகசியமே இதில் அடங்கியிருக்கிறது.

முதலில் ரேடியோவைப் பார்ப்போம். 1930-இல் அமெரிக்காவில் கால்வின் சகோதரர்கள் காரில் பொருத்தும் ரேடியோவை விற்பனைக்குக் கொண்டு வந்தார்கள். 'மோட்டாரோலா' என்பது அதன் பெயர். எஞ்சினில் தீப்பொறி தெறிக்கும்போதெல்லாம் ரேடியோவில் சடசடவென்று இரைச்சல் கிளம்பும். அதை அடக்குவதற்குள் போதும் போதும் என்று ஆகிவிட்டதாம். தொண்ணூறு வருஷம் கழித்து மின்சாரக் கார் வந்ததும் பழைய கதைதான்! அதன் மின் கருவிகள் கிளப்பும் இரைச்சல் மீடியம் வேவ் நிலையங்களை அமுக்கி விடுகிறது. சில கம்பெனிகள் மீடியம் வேவையே எடுத்து விட்டன. 2023-இல் அமெரிக்காவில் ஃபோர்டு கம்பெனியும் எடுக்கப் போவதாகச் சொல்லி, 'ஆபத்துக் காலத்தில் எச்சரிக்கை கேட்பது எப்படி?' என்று எதிர்ப்புக் கிளம்பவே, அதே வருஷம் பின்வாங்கிக் கொண்டது.

தியாகராயநகர் துரைசாமி சுரங்கப் பாதைக்குள் கார் நுழைந்ததும் மீடியம் வேவ் கச்சேரி ஏன் மங்கிப் போகிறது, தெரியுமா? அந்த அலை ஒவ்வொன்றும் ஏறக்குறைய 190 முதல் 560 மீட்டர் வரை நீளம். யானையைக் கொல்லைப்புறத்துச் சின்னக் கதவு வழியாக அழைத்து வர முடியுமா? எஃப்.எம். அலையோ சுமார் 3 மீட்டர்தான். அது சந்து பொந்துகளில் ஓரளவு நுழைந்து விடும். ஆனால் அதற்கு வேறொரு குறை. அது பெரும்பாலும் நேர்கோட்டில் செல்வதால், வெளியூர்ப் பிரயாணத்தில் பாதி வழியிலேயே நம்மைக் கைவிட்டு விடும். மீடியம் வேவ் பூமியைத் தழுவிக் கொண்டே கூட வரும்.

சிக்னலில் நிற்கும்போது எஃப்.எம். கரகரத்தால் பெட்டியைத் தட்டாதீர்கள். நேராக வரும் அலையும் எதிர் மாடிக் கட்டிடத்தில் மோதித் திரும்பும் அலையும் அந்த இடத்தில் ஒன்றையொன்று வெட்டிக் கொள்கின்றன. கார் இரண்டு முழம் நகர்ந்தால் போதும், பாட்டுத் தெளிந்து விடும்.

இனி டெலிபோனுக்கும் காருக்கும் முடிச்சுப் போடும் 'புளூடூத்'. பத்தாம் நூற்றாண்டில் டென்மார்க்கை ஆண்ட ஹரால்ட் என்ற ராஜாவின் பட்டப் பெயர் அது. பிரிந்து கிடந்தவர்களை ஒன்று சேர்த்தவராம். இந்த அலை நம் மைக்ரோவேவ் அடுப்பு வேலை செய்யும் அதே பகுதியில்தான் உலாவுகிறது. அங்கே நெரிசல் அதிகம். ஆகையால் சிறு வயதில் நாம் பாண்டி ஆடியது போல இதுவும் கட்டம் கட்டமாகத் தாவுகிறது. 79 கட்டங்கள், விநாடிக்கு 1600 தாவல்! எந்தக் கட்டத்துக்குப் பின் எந்தக் கட்டம் என்று டெலிபோனும் காரும் ஒத்துப் பேசிக் கொண்டு ஒன்றாகத் தாவுகின்றன. நெரிசலில் மற்ற அலைகளோடு மோதிக் கொள்ளாதபடி இத்தனை ஜாக்கிரதை!

ஆனால் பின் ஸீட்டில் இருப்பவரைப் பற்றி யார் ஜாக்கிரதைப்பட்டார்கள்?

நாலு வருஷத்துக்கு முன்பு ஒரு மாலை. என் கணவர் காரை ஓட்ட, நான் பக்கத்தில், அம்மா பின்னால். ரேடியோவில் வீணைக் கச்சேரி. அம்மா தொடையில் தாளம் போட்டுக் கொண்டிருந்தாள். திடீரென்று வீணை நின்றது. இவருடைய டெலிபோன்! யாரென்று பார்க்குமுன் ஸ்டியரிங்கில் இருந்த பொத்தானை இவர் கை பழக்கதோஷத்தில் தொட்டு விட்டது.

"ஸார், உங்கள் மாமியாருடைய பயாப்ஸி ரிசல்ட் வந்து விட்டது. டாக்டர் உங்களை மட்டும் வரச் சொன்னார். பெரியம்மாவுக்கு இப்போது எதுவும் தெரிய வேண்டாமாம்" என்று நாலு மூலையிலிருந்தும் ஒரு பெண் குரல் கணீரென்று ஒலித்தது.

பேச்சு முடிந்ததும் பெட்டி, தன் கடமையைச் செய்து விட்டது போல, வீணையை விட்ட இடத்துக்கு அப்பால் தொடர்ந்தது. எனக்குத் திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

"மாப்பிள்ளை, அந்த ரேடியோவைக் கொஞ்சம் நிறுத்துங்கள்" என்றாள் அம்மா. அப்புறம் நிதானமாக, "டாக்டரிடம் நானும் வருகிறேன். என் உடம்பு சமாசாரத்தை என்னிடமே சொல்லட்டும்" என்றாள்.

சொன்னபடியே வந்தாள். எங்களுக்குக் கேட்கத் தோன்றாத கேள்விகளையெல்லாம் கேட்டாள். ஆபரேஷனும் ஆயிற்று. இன்று சௌக்கியமாக இருக்கிறாள், சமையலில் உப்புக் குறைந்தால் சொல்லுகிற அளவுக்கு! ஆனாலும், சொல்ல வேண்டியதை அருகில் உட்கார்ந்து, கையைப் பிடித்துக் கொண்டு சொல்ல மனிதர்கள் இருக்கிறோமே! அந்த உரிமையைக் காருக்கு யார் கொடுத்தது? ரேடியோ ஊருக்குச் சொல்வது. டெலிபோன் ஒருவருக்குச் சொல்வது. இரண்டையும் ஒரே வாயால் சொல்ல வைத்ததில்தான் வம்பு.

அதற்காகக் காரை விற்றுவிட வேண்டாம். சில காரியங்கள் செய்தால் போதும். புறப்படுமுன், யாருடன் போகிறோம் என்று பார்த்து, வேண்டாதபோது டெலிபோனில் புளூடூத்தை அணைத்து விடுங்கள். பல கார்களில், நடுவில் பேச்சைக் காரிலிருந்து டெலிபோனுக்கு மாற்றப் பொத்தான் உண்டு. இன்றே தேடி வைத்துக் கொள்ளுங்கள். வண்டி ஓட்டுபவர் டெலிபோனைக் காதில் வைக்கக் கூடாது. ஓரமாக நிறுத்தி விட்டுப் பேசட்டும். புளூடூத் சுமார் 10 மீட்டர் எட்டும் என்பதையும் மறக்க வேண்டாம். வாசலில் கார் உயிர் பெற்றதும், சமையலறையில் நீங்கள் உங்கள் தாயாருடன் பேசிக் கொண்டிருப்பது அங்கே போய் விடலாம். அங்கே உட்கார்ந்திருப்பவர் உங்கள் மாமியார் என்றால் கேட்க வேண்டுமா?

இன்னொன்று. நாம் 'சரி' என்று அனுமதித்தால், டெலிபோனில் உள்ள பெயர்களையும் எண்களையும் கார் தன்னிடம் பிரதி எடுத்துக் கொள்ளும். வாடகைக் காரில் அது அனுமதி கேட்டால் 'வேண்டாம்' என்று அழுத்துங்கள். சொந்தக் காரை விற்கும்போது உங்கள் டெலிபோனின் பெயரை அதிலிருந்து நீக்கி, ஞாபகத்தையெல்லாம் அழிக்கச் சொல்லுங்கள். வீட்டைக் காலி செய்யும்போது அலமாரியில் கடிதக் கட்டை விட்டுவிட்டு வருவோமா, என்ன?