தோண்டிப் பார்த்த விதை

பணி ஓய்வு பெற்றபின் நாம் ராஜகுளத்தில் குடியிருந்து வருகிறோம். காஞ்சிபுரம் மாவட்டத்தில் உள்ள சிற்றூர் இது. முப்பத்தாறு ஆண்டுகள் கரும்பலகையின் முன் நின்ற கால்கள் இப்போது திண்ணையில் ஓய்வு கொண்டிருக்கின்றன. ஆயினும் ஆசிரியராய் இருந்தவரை ஊர் எளிதில் விட்டுவிடுவதில்லை. பொழுது சாய்ந்தால் யாரேனும் ஒரு பிள்ளை ஐயம் கேட்க வந்து திண்ணையில் அமர்ந்துவிடும்.

சென்ற ஆண்டு ஆடி மாதத்தில் அவ்வாறு வந்தவள் ஐந்தாம் வகுப்புப் படிக்கும் ஒரு சிறுமி. அவள் கையில் புத்தகம் இல்லை. ஒரு கொட்டாங்கச்சி இருந்தது. அதனுள் ஈரமண்ணும் நான்கு அவரை விதைகளும் இருந்தன.

"தாத்தா, பள்ளிக்கூடத்துப் பெரிய திரையில் அவரை மூன்று நிமிஷத்தில் முளைத்து இலை விட்டுவிட்டது. நான் போட்டது ஐந்து நாளாகியும் முளைக்கவில்லை. இது கெட்ட விதையா?" என்று கேட்டாள்.

விதை ஒன்றை எடுத்துப் பார்த்தோம். அது கெட்ட விதை அன்று. தோல் வெடித்து வேர் எட்டிப் பார்த்திருந்தது. ஆனால் வேரின் நுனி ஒடிந்து கறுத்திருந்தது.

"தினமும் பார்த்தாயா, அம்மா?"

"காலையிலும் சாயங்காலமும் தோண்டிப் பார்த்தேன், தாத்தா."

முதலில் நமக்குச் சிரிப்பு வந்தது. அடுத்த கணமே அச்சிரிப்பு நின்றுவிட்டது. குழந்தையின் மீது குற்றம் ஏது? விதை முளைப்பதை அவள் கண்ணாரக் கண்டிருக்கிறாள். திரையில் மண்ணுக்குள் நடப்பதும் தெரிந்தது. தன் கொட்டாங்கச்சியில் தெரியவில்லை. ஆகவே தோண்டினாள். பத்து நாள் நிகழ்ச்சியை மூன்று நிமிடத்தில் சுருக்கிக் காட்டியிருக்கிறார்கள் என்பது அவள் மனத்தில் பதியவில்லை. திரை பொய் சொல்லவில்லை. ஆனால் காலத்தைச் சொல்லாமல் விட்டுவிட்டது.

அன்றிரவு நமக்கு உறக்கம் வரவில்லை. காரணம் அந்தச் சிறுமி மட்டுமல்லள். அவளுடைய தாத்தாவும் ஆவார்.

அதைச் சொல்வதற்கு 1978-ஆம் ஆண்டிற்குச் செல்ல வேண்டும். அப்போது நாம் அருகிலுள்ள ஓர் ஊரின் பள்ளியில் இளம் ஆசிரியர். வகுப்பறைக் கருவி என்று நம்மிடம் இருந்தவை ஒரு சுவர்ப்படமும் சுண்ணக்கட்டியுமே. அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன், 1975 ஆகஸ்டு முதல் 1976 ஜூலை வரை, செயற்கைக்கோள் வழியாக ஆறு மாநிலங்களின் 2400 சிற்றூர்களுக்குத் தொலைக்காட்சிப் பாடம் காட்டினார்கள். அந்த ஆறில் தமிழ்நாடு இடம்பெறவில்லை. ஆனால் வானொலியின் வலிமையை நம் உழவர்கள் அதற்கு முன்பே கண்டிருந்தார்கள். 1960-களில் தஞ்சைப் பகுதியில் ஆடுதுறை 27 என்னும் நெல்லைப் பரப்பியதில் வானொலிக்குப் பெரும் பங்குண்டு. அந்த நெல்லுக்கு 'ரேடியோ நெல்' என்றே பெயர் வழங்கிற்று. கேட்டதைக் கேட்டதோடு விடாமல் வயலில் இறங்கிச் செய்து பார்த்தமையால் அல்லவா அப்பெயர் நின்றது!

நாம் அந்த உண்மையை உணராதவராய் இருந்தோம். ஒருநாள் அவரை விதை முளைக்கும் சுவர்ப்படத்தை மாட்டி, "விதை முளைக்கும்போது அதன் இரு பருப்புகளும் மண்ணைப் பிளந்துகொண்டு மேலே வரும்" என்று பாடம் சொன்னோம். கடைசி வரிசையில் ஒரு சிறுவன் எழுந்தான். "நெல்லு அப்படி வராது சார். நெல்லு மண்ணுக்குள்ளேயே கிடக்கும். முளை மட்டும் ஊசி மாதிரி மேலே வரும்" என்றான்.

"படத்தில் இருப்பதைச் சொல். உன் வயலைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கு வராதே" என்றோம். வகுப்பு முழுவதும் சிரித்தது. அவன் அமர்ந்தான். அந்த ஆண்டு முடியும்வரை அவன் மறுபடி கை உயர்த்தவில்லை.

சில ஆண்டுகளுக்குப்பின் ஆசிரியர் பயிற்சி முகாம் ஒன்றில் உண்மையை அறிந்தோம். அவரை, புளி, ஆமணக்கு போன்றவை தம் வித்திலைகளை மண்ணுக்கு மேலே தூக்கிக்கொண்டு வருகின்றன. நெல், மக்காச்சோளம், பட்டாணி முதலியவற்றில் விதை மண்ணுக்குள்ளேயே தங்கிவிட, முளை மட்டும் வெளிவருகிறது. சிறுவன் சொன்னது முற்றிலும் சரி. அதற்குள் நமக்கு வேற்றூருக்கு மாற்றல் வந்திருந்தது. அவன் படிப்பை நிறுத்திவிட்டு ஏர் பிடிக்கப் போயிருந்தான். அந்தச் சிறுவனின் பேத்தியே கொட்டாங்கச்சியுடன் வந்தவள்.

மறுநாள் காலையில் அவள் படிக்கும் பள்ளிக்குச் சென்றோம். அங்குள்ள ஆசிரியை வயதில் இளையவர். நம்மை அன்புடன் வரவேற்று வகுப்பறைக் கருவிகளைக் காட்டினார். நாம் பணியாற்றிய காலத்தில் கனவிலும் காணாதவை அவை. 2018-ஆம் ஆண்டு முதல் வந்த தமிழ்நாட்டுப் பாடநூல்களில் சிறு சதுரக் குறியீடுகள் அச்சிடப்பட்டுள்ளன. கைப்பேசியைக் காட்டினால் பாடத்திற்குரிய காட்சி திறக்கிறது. 2019 ஆகஸ்டு 26-ஆம் நாள் கல்வித் தொலைக்காட்சி தொடங்கப்பட்டது. பெருந்தொற்றினால் பள்ளிகள் மூடப்பட்டிருந்த காலத்தில் அது பல இல்லங்களில் வகுப்பறையாயிற்று. பின்னர்த் திறன்மிகு வகுப்பறைகளும் ஆசிரியர்களுக்குக் கைக்கணினிகளும் வந்தன.

இக்கருவிகளை நாம் குறைகூறவில்லை. செடியின் அசைவு நம் கண்ணின் பொறுமைக்கு அப்பாற்பட்டது. அதைக் காண்பதற்கு அறிஞர்கள் எவ்வளவு பாடுபட்டனர்! ஜகதீச சந்திர போஸ் செடியின் வளர்ச்சியைப் பல்லாயிரம் மடங்கு பெரிதாக்கிக் காட்டும் கிரெஸ்கோகிராஃப் என்னும் கருவியை அமைத்தார். இங்கிலாந்தில் பெர்சி ஸ்மித் என்பவர் மொட்டு மலராவதை இடைவிட்டு இடைவிட்டுப் படமெடுத்து, 1910-இல் ஒரு திரைப்படமாகவே ஆக்கிக் காட்டினார். அன்று உலகம் வியந்த காட்சி இன்று ராஜகுளத்துப் பிள்ளைக்கு எளிதில் கிட்டுகிறது. இது பெரும் பேறன்றோ? ஆனால் பெர்சி ஸ்மித் பூவின் அருகில் காத்திருந்தார். நம் பிள்ளை காத்திருக்கவில்லை. இங்கேதான் குறை இருந்தது.

ஆசிரியையும் நாமும் கலந்து பேசி ஒரு முடிவுக்கு வந்தோம். பிறர் எடுத்த படத்தைப் பார்ப்பதோடு நில்லாமல், பிள்ளைகளே தம் செடியைப் படமெடுக்கட்டும் என்பதே அது. இரண்டு கண்ணாடிக் குவளைகளின் உட்புறம் ஈரத்துணி சுற்றி, துணிக்கும் கண்ணாடிக்கும் இடையே ஒன்றில் அவரையும் மற்றொன்றில் ஊறிய நெல்லும் வைத்தோம். தோண்டாமலே வேர் தெரியும். அருகில் சென்டிமீட்டர் அளவு குறித்த ஒரு மூங்கில் குச்சி. தினந்தோறும் காலை வழிபாட்டு மணி அடித்ததும், அதே இடத்திலிருந்து, அதே உயரத்திலிருந்து கைக்கணினியால் ஒரு படம். வேரின் நீளத்தையும் தண்டின் நீளத்தையும் ஒரு பிள்ளை ஏட்டில் எழுதவேண்டும்.

நெல்லை ஊறவைத்து முளைகட்டுவதற்கு யாரை அழைப்பது என்ற பேச்சு வந்தது. "எங்கள் தாத்தாவைக் கூப்பிடலாம்" என்றாள் சிறுமி. அவர் வந்தார். வேட்டியைத் தழைத்துவிட்டுக்கொண்டு, வகுப்பறை வாசலிலேயே தயங்கி நின்றார். "நான் உள்ளே வந்து என்ன சொல்லப் போகிறேன் ஐயா?" என்றார். ஆசிரியை நாற்காலி போட்டார், அவர் அமரவில்லை. ஆனால் விதையைக் கையில் எடுத்ததும் தயக்கம் போயிற்று. விதையின் பருமனைப்போல் இரண்டு மூன்று மடங்கு ஆழத்திற்குமேல் புதைக்கலாகாது என்பதையும், ஈரம் வேண்டுமேயன்றி நீர் தேங்கலாகாது என்பதையும் அவர் விரல்களாலேயே காட்டினார்.

பதினைந்தாம் நாள் படங்களை வரிசையாக்கித் திரையில் ஓட்டினார்கள். ஒவ்வொரு படம் மாறும்போதும் பிள்ளைகள் ஒருமிக்க "முதல் நாள், இரண்டாம் நாள்" என்று எண்ணினார்கள். அவரை கூனிக் குறுகி வெளிவந்து, தலைநிமிர்ந்து, இரு பருப்புகளையும் விரித்தது. நெல்லின் விதை இருந்த இடத்திலேயே இருக்க, மெல்லிய முளை ஒன்று நேராக மேலே வந்தது.

"ஊசி மாதிரி!" என்று ஒரு பையன் கூவினான்.

வாசலில் நின்றிருந்தவரை நாம் பார்த்தோம். அவர் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பள்ளி விட்டபின் அவரோடு நடந்து வருகையில், 1978-இல் நாம் சொன்னதையும் வகுப்பு சிரித்ததையும் எடுத்துச்சொல்லி, "தவறு நம்முடையது; நீ சொன்னதே சரி" என்றோம். அவர் சற்று நின்றார். "அப்படியா சொன்னீங்க? எனக்கு ஞாபகமே இல்லையே ஐயா" என்றார். மெய்யாகவே மறந்தாரா, முதிய ஆசிரியரின் மனம் நோகக்கூடாதென்று அவ்வாறு சொன்னாரா, அறியோம். வீட்டு வாசல்வரை வந்து விட்டுச்சென்றார்.

குவளையில் முளைத்தது அவ்வளவில் நிற்கவில்லை. பள்ளியின் பின்புறம் நான்கு பாத்திகள் அமைத்தார்கள். யார் எந்த வேலையைச் செய்வது என்று பூசல் எழுந்தபோது, ஆசிரியை உத்திரமேரூரை நினைவூட்டினார். அவ்வூர் வைகுந்தப் பெருமாள் கோவில் கல்வெட்டுகளை நம் வாசகர்கள் அறிந்திருப்பார்கள். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919, 921 ஆகிய ஆண்டுகளில் எழுந்த சபை ஏற்பாடுகளை அவை கூறுகின்றன. ஊரை 30 குடும்புகளாகப் பிரித்து, ஓலையில் பெயரெழுதிக் குடத்திலிட்டு, ஒரு சிறுவனைக் கொண்டு எடுக்கச் செய்தனர். ஆண்டு வாரியத்திற்கு 12 பேர், தோட்ட வாரியத்திற்கு 12 பேர், ஏரி வாரியத்திற்கு 6 பேர். தோட்டத்தைப் பேணுவதற்கென்றே ஒரு வாரியம்! வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மீண்டும் தேர்வு பெற இயலாது என்ற விதியும் உண்டு.

பிள்ளைகளும் ஒரு சொம்பில் சீட்டுப் போட்டுத் தோட்ட வாரியம், ஏரி வாரியம் என இரண்டைத் தேர்ந்தெடுத்தார்கள். ஏரி வாரியத்தின் வேலை, உணவுவேளையில் கைகழுவும் நீரை வாய்க்கால் வெட்டிப் பாத்திக்குத் திருப்புவது. தோட்ட வாரியத்தின் வேலை, களை எடுப்பதும் படமெடுப்பதும். கணக்கு ஏட்டைக் காட்டாதவருக்கு மறுமாதம் சீட்டில் இடமில்லை.

சிறுகீரை இருபத்தைந்தாம் நாள் சத்துணவுக் கூடத்திற்குச் சென்றது. அன்று கீரையைத் தட்டில் ஒதுக்கியவர் எவருமில்லை என்று சமையல் செய்யும் அம்மாள் நம்மிடம் சொல்லி மகிழ்ந்தார்.

வெண்டைக்கு ஒரு சோதனை வந்தது. இரண்டு செடிகளில் இலை நரம்புகள் மஞ்சளாயின. கைக்கணினியால் இலையின் அடிப்புறத்தைப் படமெடுத்துத் திரையில் பெரிதாக்கியபோது, வெண்பொடி தூவினாற்போல் வெள்ளை ஈக்கள் தெரிந்தன. மஞ்சள் நரம்பு நோயை அவையே பரப்புகின்றன; நோய் கண்ட செடியைக் குணப்படுத்த மருந்தில்லை; பிடுங்கி அழிப்பதே வழி. இவ்வளவையும் கருவி காட்டிவிட்டது. ஆனால் பிடுங்குவது யார்? அவற்றுள் ஒன்று நம் சிறுமி வைத்த செடி. அதில் அப்போதுதான் முதல் பூ விட்டிருந்தது. அவள் நெடுநேரம் அதன் அருகில் குந்தியிருந்தாள். "பூ உதிரும்வரை விடலாமா தாத்தா?" என்று கேட்டாள். "மற்றச் செடிகளைப் பார்" என்று மட்டும் சொன்னோம். கண்ணைத் துடைத்துக்கொண்டு, வேரோடு பிடுங்கினாள். எஞ்சிய செடிகளுக்கு, லிட்டர் நீருக்கு 50 கிராம் வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து, இரவு முழுவதும் ஊறவைத்து வடிகட்டி, சிறிது சோப்புக் கரைசல் கலந்து தெளித்தார்கள். பெரும்பாலானவை பிழைத்தன. பிடுங்கிய இடம் வெறுமையாய் இருந்ததையும் அவள் படமெடுத்துக் கோவையில் சேர்த்தாள்.

பெற்றோர்களே, ஆசிரிய நண்பர்களே! ஜெர்மனி நாட்டுக் கல்வியாளர் ஃபிரோபெல், 1840-இல் தம் சிறுவர் பள்ளிக்குக் 'கிண்டர்கார்டன்' என்று பெயரிட்டார். 'குழந்தைகளின் தோட்டம்' என்பது அதன் பொருள். அப்பெயரைப் பலகையில் எழுதிவைத்துவிட்டு, சிமென்ட் தரையில் குழந்தையை உட்காரவைக்கும் பள்ளிகள் நம் நாட்டில் எத்தனை! திரை வாங்க முடிந்த பள்ளிக்கு நான்கு முழ நிலமும் ஒரு மண்வெட்டியும் கிட்டாமல் போகா. இடமில்லாத வீட்டிலும் ஒரு கொட்டாங்கச்சிக்கு இடமுண்டு. காட்சியைக் காட்டுங்கள், காட்டியபின், "இது பத்து நாளில் நடந்தது" என்று சொல்லுங்கள், சொன்னபின் ஒரு விதையைக் கையில் கொடுங்கள். பிள்ளை எழுந்து, "எங்கள் வயலில் அப்படி இல்லையே" என்று சொன்னால், அதனை இருமுறை கேளுங்கள். நாம் ஒருமுறைகூடக் கேட்கவில்லை.

தை பிறந்தபின் ஒரு மாலை அச்சிறுமி மீண்டும் திண்ணைக்கு வந்தாள். கையில் அதே கொட்டாங்கச்சி. அதில் புதிதாக இட்ட பாகல் விதை.

"எத்தனை நாளாயிற்று?" என்று கேட்டோம்.

"ஆறு நாள் தாத்தா."

"தோண்டிப் பார்த்தாயா?"

அவள் இல்லை என்று தலையசைத்தாள். "பாகலுக்குத் தோல் கெட்டியாம்; இன்னும் நாளாகுமாம். எங்கள் தாத்தா சொன்னார்" என்றாள். கொட்டாங்கச்சியைத் திண்ணை ஓரத்தில் வைத்துவிட்டு விளையாடச் சென்றாள்.