மடிவாளக் கல்லில் ஓர் ஏரி

பெங்களூரைச் சுற்றிப் பார்க்க ஒரு நாள் வாய்த்தால் லால்பாக், கப்பன் பூங்கா, விதான சௌதா, மாலையில் சர்ச் தெரு என்பதே வழக்கமான வரிசை. சென்ற ஞாயிறு காலை கூடிய நான்கு நண்பர்கள் அவ்வரிசையைத் தொடவில்லை. தெற்கே பேகூரில் தொடங்கி, மடிவாளா, டொம்லூர் வழியாக அல்சூரில் முடிப்பதென்று தீர்மானித்தனர். ஒருவர் தஞ்சாவூரில் கல்வெட்டியல் பயின்றவர். ஒருவர் மைசூரைச் சேர்ந்த கன்னடப் பேராசிரியை. ஒருவர் மென்பொருள் பொறியாளர், வண்டியும் அவருடையது. நான்காமவர் அல்சூரிலேயே பிறந்தவர். பாட்டனார் காலத்தில் வடாற்காட்டிலிருந்து கண்டோன்மென்ட் வேலைக்கு வந்த குடும்பம். "சொந்த ஊர் எது?" என்ற வினாவை இரு மாநிலங்களிலும் எதிர்கொண்டு பழகியவர்.

பேகூர் நாகேசுவரர் கோயிலில் உள்ள கல்வெட்டு கி.பி. 890ஐ ஒட்டியது. பெங்களூரில் நடந்த ஒரு போரில் மாண்ட வீரனைப் பழங்கன்னடத்தில் குறிப்பது. ஹொய்சள மன்னன் வீரவல்லாளனுக்கு ஒரு மூதாட்டி வேகவைத்த பயறு தந்ததால் இந்நகருக்குப் பெயர் வந்தது என்ற கதையை, அம்மன்னனுக்கு ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகள் முந்திய இக்கல் ஓசையின்றித் தள்ளிவிடுகிறது. ஆயினும் கதை நல்ல கதை. பேராசிரியை அதையே முதலில் சொன்னார், கல்லைப் பிறகு காட்டினார்.

சில்க் போர்டு சந்திப்பைக் கடந்த நேரத்தைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. பெங்களூரில் இருந்தவர்கள் அறிவார்கள்.

மடிவாளா சோமேசுவரர் கோயிலின் வெளிச்சுவரில் தமிழும் கிரந்தமும் கலந்த எழுத்துகள். 1247ஆம் ஆண்டுச் சாசனம் ஒன்று, வேப்பூர்வாசி ஒருவர் இந்நகரின் பெரிய ஏரிக்குக் கீழே இருந்த நிலத்தைக் கொடையளித்ததைப் பதிவு செய்கிறது. வேப்பூர் என்பது காலையில் பார்த்த பேகூரேதான். பெங்களூரின் பெயரும் அங்கே வகரத்தில் தொடங்குகிறது. வெள்ளி பெள்ளி ஆவதும், வேர் பேரு ஆவதும், வா என்பது பா ஆவதும் போலத்தான் என்றார் பேராசிரியை. தமிழ் வகரம் கன்னடத்தில் பகரமாக நிற்கும் அந்த எளிய விதி, ஓர் ஊரின் இரு பெயர்களையும் ஒரே பெயராக்கிவிட்டது.

கல்வெட்டியல் பயின்றவர் எழுத்துக்கூட்டி உரக்கப் படிக்கத் தொடங்கியதும், அல்சூர் நண்பர் அவர் தோளைத் தொட்டு, "கொஞ்சம் மெதுவா" என்றார். ஒரு கணம் யாருக்கும் அதன் பொருள் விளங்கவில்லை, பிறகு விளங்கியது. கோயிலுக்கு வந்த முதியவர் ஒருவர் அதற்குள் அருகில் வந்துவிட்டார். "ஏனு பரெதிதே?" என்று கேட்டார். விடை சொன்னவர் அல்சூர் நண்பரே. தமிழ்க் கல்லின் செய்தியை, பிறந்தது முதல் தெருவில் பேசிய கன்னடத்தில், தடங்கலின்றிச் சொன்னார். இது தமிழ் எழுத்து என்பதையும் மறைக்கவில்லை. முதியவர் அதற்கு முகம் சுளிக்கவில்லை. "அந்த ஏரி எங்கே?" என்பது மட்டுமே அவருடைய அடுத்த கேள்வி.

அதற்கு நால்வரிடமும் விடையில்லை. தர்மாம்புதி ஏரி இன்று மெஜஸ்டிக் பேருந்து நிலையம். சம்பங்கி ஏரி இருந்த இடத்தில் கண்டீரவா விளையாட்டரங்கம். சல்லகட்டா ஏரி கோல்ஃப் மைதானம். இக்கற்களை எடுத்துக்கொண்டு, நகரம் யாருடையது என்று இணையத்தில் இரு பக்கத்தாரும் வழக்காடுகிறார்கள். கல்லில் அந்த வழக்கே இல்லை. எந்த ஏரி, எவ்வளவு நிலம், யார் கொடுத்தார் என்பதே அதன் கவலை. அதில் எழுதிய மொழிகள் இரண்டும் நகரில் பேசப்படுகின்றன, காணாமற்போனது நீர்.

டொம்லூர் சொக்கநாதசுவாமி கோயிலில் நீண்ட நேரம் நிற்க வெயில் விடவில்லை. அங்குள்ள தமிழ்ச் சாசனங்கள் ஊரைத் தேசிமாணிக்கப்பட்டணம் என்றும் அழைக்கின்றன. வணிகர் வாடை வீசும் பெயர். 1270ஆம் ஆண்டுச் சாசனத்தில் அழகியார் என்பவர் இரண்டு நிலைக்கால்கள் கொடுத்த செய்தி இருக்கிறது. ஏழரை நூற்றாண்டுகள் பெயர் நிற்க இரண்டு நிலைக்கால்கள் போதும் போலும் என்று பொறியாளர் வியந்தார். தம் அடுக்கக வீட்டின் கடன் தவணை அவருக்கு நினைவில் இருந்திருக்கும்.

மாலையில் அல்சூர் ஏரிக்கரை. திருவள்ளுவர் சிலை 1991இல் நிறுவப்பட்டு, எதிர்ப்பால் மூடப்பட்டே நின்றது. 2009 ஆகஸ்டு 9 அன்றுதான் முதல்வர் எடியூரப்பா உடனிருக்க, கருணாநிதி திறந்து வைத்தார். நான்கு நாட்கள் கழித்துச் சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவி சர்வக்ஞர் சிலை திறக்கப்பட்டது.

அல்சூர் நண்பர் அதுவரை சொல்லாத ஒன்றை அங்கே சொன்னார். 1991 டிசம்பரில், காவிரி நடுவர் மன்ற இடைக்கால ஆணை அரசிதழில் வந்ததை ஒட்டிக் கலவரம் மூண்டபோது, அவருடைய தந்தை தையற்கடைப் பலகையிலிருந்த தமிழ் எழுத்துகளை இரவோடிரவாகச் சுரண்டி எடுத்தார். அடுத்த வீட்டுக் கன்னடக் குடும்பத்தார் விளக்குப் பிடித்தனர். நான்கு நாட்கள் தங்கள் வீட்டில் வைத்துச் சோறும் போட்டனர். சிலை திறப்பு விழாவுக்குத் தந்தை போகவில்லை. மறுநாள் விடியற்காலையில், கூட்டமெல்லாம் கலைந்த பின், தனியே நடந்து வந்து பார்த்துவிட்டுத் திரும்பினார்.

"பலகையில மறுபடி எழுதினாரா?" என்று பேராசிரியை கேட்டார்.

"இல்லை. எழுத இடம் விட்டு வச்சிருக்கார்."