அப்பாயி உட்காருற நாற்காலி

போன வாரம் எங்க அண்ணன் மகன் சென்னையிலேர்ந்து போன் பண்ணினான். தாம்பரம் பக்கம் ஃபிளாட் வாங்கியிருக்கான், தை மாசம் பால் காய்ச்சுறாங்க. "சித்தப்பா, ஹாலுக்கு சோபா, கட்டில், டைனிங் டேபிள் எல்லாம் பார்க்கணும். ஒரு கடையில ஆஃபர் போட்டிருக்கான். உங்களுக்கு மரம் தெரியுமே, எது வாங்கலாம்?"னு கேட்டான்.

எனக்குச் சிரிப்பு வந்துச்சு. மரத்தைப் பத்தி எனக்குத் தெரிஞ்சதுல பாதி, ஏமாந்து தெரிஞ்சுகிட்டது. ராத்திரி நிதானமா பேசுறேன்னு சொல்லி வச்சேன். அவன்கிட்ட சொன்னதைத்தான் இங்கேயும் எழுதுறேன்.

எங்க வீட்டுல ரொம்ப காலத்துக்கு மரச்சாமான்னு பெருசா எதுவும் கிடையாது. திண்ணை இருக்கு. ஒரு கயித்துக் கட்டில், அப்பா காலத்து பூவரசு பெஞ்சு ஒண்ணு, நாலு பிளாஸ்டிக் நாற்காலி. யாராவது வந்தா பாயை விரிப்போம். அதுல ஒரு குறையும் தெரிஞ்சதில்லை.

2018 நவம்பர் 16 விடிகாலையில கஜா புயல் வந்துச்சு. பட்டுக்கோட்டை, பேராவூரணி பக்கத்து ஆளுங்களுக்கு அந்த ராத்திரியைப் பத்திச் சொல்ல வேண்டியதில்லை. விடிஞ்சு பார்த்தா எங்க தோப்புல 43 தென்னை படுத்துக் கிடக்கு. கொல்லையில அப்பா வச்ச பலா வேரோட சாஞ்சுடுச்சு. ரெண்டு நாள் கழிச்சு மர வியாபாரி வந்தான். ஊரெல்லாம் மரம் விழுந்து கிடக்கும்போது விலையை அவன்தானே சொல்லுவான்? பலாவுக்கு அவன் கேட்ட காசு வெட்டுக்கூலிக்கே காணாது. அந்த நெருக்கடியில நான் குடுத்தே இருப்பேன். எங்க ஊர் ஆசாரிதான் தடுத்தார். "தஞ்சாவூர்ல வீணை செய்யுறதே இந்த மரத்துலதான். மில்லுல குடுத்துப் பலகையா அறுத்து, நிழல்ல போட்டு வைங்க. இப்ப ஒண்ணும் செய்யாதீங்க"ன்னார்.

அறுத்துக் கொண்டாந்து கொட்டகையில அடுக்கினோம். பலகைக்குப் பலகை நடுவுல காத்து போக ரீப்பர் வச்சு அடுக்கணும். தரையில படக்கூடாது, வெயிலும் படக்கூடாது. பச்சை மரத்துல சாமான் செஞ்சா காயும்போது முறுக்கிக்கும், பொருத்து விட்டுப் போயிடும். ஒரு அங்குலப் பலகை தானா காயுறதுக்கு ஏறக்குறைய ஒரு வருஷம் ஆகும்னு ஆசாரி கணக்குச் சொன்னார்.

எனக்கு அந்தப் பொறுமை இல்லை. 2019 ஆவணியில மகனுக்குப் பொண்ணு வீட்டுக்காரங்க வீடு பார்க்க வர்றாங்கன்னு ஆச்சு. "சம்பந்தி வீட்டு ஆளுங்களை பிளாஸ்டிக் சேர்லயா உட்கார வைப்பீங்க?"ன்னு வீட்டுல கேட்டாங்க. டவுன்ல ஒரு கடைக்குப் போய் சோபா செட்டு எடுத்தோம், அதோட ஒரு டீப்பாய். 32,000 ரூபாய். கையில 5,000, பாக்கி மாசம் 2,250 வீதம் 12 தவணை. மரம் என்னன்னு கேட்டதுக்கு "தேக்கு மாதிரிங்க"ன்னான். அந்த "மாதிரி"ங்கிற வார்த்தையை நான் காதுல வாங்கலை. பாலீஷ் கண்ணைப் பறிச்சுச்சு.

வந்தவங்க உட்கார்ந்தாங்க, காபி குடிச்சாங்க, நல்லபடியா பேசி முடிஞ்சுது. சோபா வாங்கின வேலை அன்னிக்கே தீர்ந்துடுச்சுன்னு வச்சுக்குங்க.

அப்புறம் ஐப்பசி மழை வந்துச்சு. டீப்பாய் கால் தரை ஈரத்தைக் குடிச்சு ரொட்டி மாதிரி ஊதிடுச்சு. பார்த்தா மரமே இல்லை, மரத்தூளைப் பசை போட்டு அழுத்தின பலகை. மேல மரக்கோடு போட்ட தாளை ஒட்டியிருக்கான். சோபா முதுகுப்பக்கத் துணியை விலக்கிப் பார்த்தா வெள்ளைக் கட்டையைத் துண்டு துண்டா வச்சு பின் அடிச்சிருக்கான். கட்டையில பொடிப்பொடியா ஓட்டை, உளு விழுந்து மாவு கொட்டுது.

காசு போனதைக் கூட விட்டுடுவேன். எங்க அம்மா விஷயம்தான் மனசுல நிக்குது. பிள்ளைங்களுக்கு அப்பாயி. அப்ப 78 வயசு, ரெண்டு முட்டியும் வலி. அந்த சோபா தரையிலேர்ந்து ஒரு அடி கூட இருக்காது, உட்கார்ந்தா பொதக்குன்னு உள்ள வாங்கும். அம்மா அதுல உட்காராம திண்ணையிலேயே இருந்தாங்க. "இவ்வளவு காசு போட்டு வாங்கியிருக்கேன், நீ வெளியிலேயே கிடந்தா வர்றவங்க என்னை என்ன நினைப்பாங்க?"ன்னு ஒருநாள் நான்தான் சத்தம் போட்டு உள்ள கூட்டியாந்து உட்கார வச்சேன். நான் வயலுக்குப் போன பிறகு எந்திரிக்கப் பார்த்திருக்காங்க. பிடிக்கக் கைப்பிடி இல்லை. டீப்பாயைப் பிடிச்சு ஊனியிருக்காங்க, ஊதின கால் சாஞ்சு அதோட சேர்ந்து விழுந்துட்டாங்க. வலது மணிக்கட்டு எலும்பு விட்டுப் போச்சு.

டாக்டர் எப்படி விழுந்தீங்கன்னு கேட்டார். அம்மா என்னைப் பார்த்தாங்க. "வாசல்ல வழுக்கிடுச்சுங்கய்யா"ன்னாங்க. நான் பக்கத்துல நின்னுகிட்டு ஒண்ணும் பேசலை. ஆறு வாரம் மாவுக்கட்டு. சோத்தைப் பிசைஞ்சு குடுத்தாதான் சாப்பாடு. ஒரு நாள்கூட அந்த சோபாவைப் பத்தி அவங்க பேசலை.

2020ல ஊரடங்கு கொஞ்சம் தளர்ந்தப்போ ஆசாரிக்கும் வேலை இல்லை. கொட்டகையில பலகை ஒன்றரை வருஷம் காஞ்சு இருந்துச்சு. அவர் முதல்ல ஒரு பலகையையும் தொடலை. அம்மாவைத் திண்ணையில உட்கார வச்சு, பாதத்துலேர்ந்து முட்டி வரைக்கும் நூல் பிடிச்சு அளந்தார். 17 அங்குலம். "முட்டி வலிக்காரங்களுக்கு ஒரு அங்குலம் கூட இருக்கட்டும்"னு 18 வச்சார். நல்ல தடிமனா ரெண்டு கைப்பிடி, ஊனி எந்திரிக்கத் தோதா முன்னால கொஞ்சம் நீட்டி விட்டார். ஆணி அடிக்கலை. துளை போட்டு, கழுந்து செதுக்கி இறக்கி, மூங்கில் முளை அடிச்சார். நாற்காலி, பெஞ்சு, ஒரு கட்டில், மூணுக்கும் 14 நாள். கூலி 12,600, மில்லு அறுவை, வண்டி எல்லாம் 6,000, பாலீஷ் சாமான் 1,400. மொத்தம் 20,000. சொந்த மரங்கிறதால இந்தக் கணக்கு. மரத்தையும் காசு குடுத்து வாங்கினா இது பத்தாது, அதையும் சொல்லிடணும்.

பலா அறுத்த புதுசுல மஞ்சளா இருக்கும். வருஷம் ஆக ஆகச் செவந்து கருக்கும். இப்ப அந்த நாற்காலி கருப்பட்டி நிறத்துல இருக்கு, அம்மா கை படுற இடம் மட்டும் பளபளன்னு.

சரி, டவுன்ல இருக்கிறவங்க மரம் அறுத்துக் காய வைக்க முடியாது. கடையிலதான் வாங்கணும். தம்பிகிட்ட சொன்னது இதுதான். முன்பக்கத்தைப் பார்க்காதே, குனிஞ்சு அடியைப் பாரு, முதுகைப் பாரு. பாலீஷ் போடாத இடத்துலதான் உண்மை தெரியும். ஓரத்தைப் பாரு. முழு மரமா இருந்தா மேல ஓடுற ரேகைக்கும் ஓரத்துக்கும் தொடர்ச்சி இருக்கும். ஒட்டின தாளா இருந்தா ஓரத்துல சட்டுனு வெட்டிப் போகும். ஒரு மூலையைத் தூக்கிப் பாரு, ஆட்டிப் பாரு, கிறீச்னா வேண்டாம். தேக்குன்னே சொன்னாலும் வைரம் எவ்வளவு, வெள்ளை எவ்வளவுன்னு பாரு. வெள்ளைப் பகுதியில எந்த மரமா இருந்தாலும் பூச்சி விழும். கருப்பா பாலீஷ் போட்டிருந்தா கூடுதலா சந்தேகப்படு. அடியில விளக்குமாறு போற மாதிரி கால் உயரம் இருக்கணும், இல்லேன்னா குப்பையும் பல்லியும் குடித்தனம் நடத்தும். வாங்குறதுக்கு முன்னாடி லிஃப்டையும் வாசப்படியையும் அளந்துக்க.

எல்லாத்தையும் ஒரே நாள்ல வாங்கி ஹாலை நிரப்பாதேன்னும் சொன்னேன். வந்தவங்க காலை நீட்டி உட்கார இடம் இருந்தாதான் அது வீடு. வாங்கின கடையே வீட்டுக்குள்ள வந்து நின்னா நமக்கு இடம் ஏது?

"எல்லாம் சரி சித்தப்பா, முதல்ல எதை வாங்க?"ன்னான்.

"உங்க அம்மா உன் கூடத்தானே இருக்கப் போறாங்க? அண்ணியைக் கடைக்குக் கூட்டிட்டுப் போ. ஒவ்வொண்ணுலயும் பத்து நிமிஷம் உட்காரச் சொல்லு. எந்திரிக்கும்போது நீ கை குடுக்காதே, தள்ளி நின்னு பாரு. எதுலேர்ந்து அவங்க தானா எந்திரிக்கிறாங்களோ அதை முதல்ல வாங்கு"ன்னேன்.

நேத்து கூப்பிட்டான். நாலு கடை ஏறி இறங்கினாங்களாம். அஞ்சாவது நாற்காலியில அண்ணி தானா எந்திரிச்சாங்களாம். அதுக்கு மட்டும் ஆஃபர் இல்லையாம். வாங்கிட்டான்.