படிக்கட்டின் அகலம்

சேப்பாக்கத்தில் ஐ.பி.எல். இரவு ஆட்டம் ஏழரைக்குத் தொடங்கும். மாலை நாலு, நாலரையிலிருந்தே ரசிகர்கள் வரத் தொடங்கிவிடுவார்கள். மூன்று மணி நேரத்தில் சிறுகச் சிறுக வரும் கூட்டத்தைச் சமாளித்துவிடலாம். பதினோரு மணிக்கு மேல் ஏறக்குறைய 38,000 பேர் ஒன்றாக எழுந்து வெளியேறும் அந்த அரை மணி நேரத்துக்குத்தான் எங்கள் போக்குவரத்துத் திட்டம் முழுவதும். ஆட்டம் ஒருபக்கமாகச் சாய்ந்தால் பதினேழாவது ஓவரிலேயே பலர் கிளம்பிவிடுவார்கள். எங்களுக்கு மூச்சு விட நேரம் கிடைக்கும். கடைசிப் பந்துவரை இழுத்தால் ஒருவரும் நகரமாட்டார்கள். அன்று வாலாஜா சாலை நிறைந்துவிடும்.

"எத்தனை ரயில் விடப்போறீங்க?" என்றுதான் எல்லாரும் கேட்பார்கள். நான் முதலில் கேட்பது நிலையத்தின் படிக்கட்டு எத்தனை மீட்டர் அகலம் என்று. விளையாட்டரங்கப் பாதுகாப்புக்கான பிரிட்டிஷ் வழிகாட்டி நூல் சொல்லும் கணக்கு இது: ஒரு மீட்டர் அகலத்தில் நிமிடத்துக்குச் சமதளத்தில் 82 பேர் போகலாம், படிக்கட்டில் 66 பேர்தான். நாலு மீட்டர் படிக்கட்டு என்றால் ஐந்து நிமிடத்துக்கு 1,320 பேர். நாலு பெட்டி மெட்ரோ ரயில் ஒன்றில் சுமார் 1,276 பேர் ஏறலாம். இருப்பது அந்த ஒரு படிக்கட்டுதான் என்றால், ஐந்து நிமிடத்துக்கு ஒரு ரயிலுக்கு மேல் விட்டுப் பயனில்லை. ரயில் பாதி காலியாகப் போகும், ஜனங்கள் மேலே நெரிந்துகொண்டிருப்பார்கள். 2023இல் ஆட்டச் சீட்டையே மெட்ரோ பயணச்சீட்டாக ஏற்றுக்கொண்டதை நான் மனதாரப் பாராட்டுவதும் இதனால்தான். காசு மிச்சம் என்பதைவிட, கவுண்டர் வரிசை ஒழிந்தது பெரிய விஷயம்.

மைதானத்தை ஒட்டியே பறக்கும் ரயில் நிலையம் இருப்பதைப் பலர் வரமாக நினைக்கிறார்கள். எனக்கு அரசினர் தோட்டம் மெட்ரோ நிலையம்வரை நடக்கவேண்டிய தூரம்தான் வரம். வேகமாக நடப்பவர்கள் முன்னே போவார்கள், குழந்தையைத் தூக்கி வருபவர்கள் பின்தங்குவார்கள், சிலர் டீக்கடையில் நிற்பார்கள். கூட்டம் தானாகவே நீண்டு மெலிந்துவிடும். நடக்க முடியாத பெரியவர்களுக்குச் சிற்றுந்து கட்டாயம் வேண்டும், மற்றவர்கள் நடக்கட்டும்.

பாரிஸில் 2022 மே 28 அன்று நடந்ததை இந்தத் தொழிலில் இருக்கும் ஒவ்வொருவரும் படிக்கவேண்டும். லிவர்பூல், ரியல் மாட்ரிட் அணிகளின் கால்பந்து இறுதியாட்டம். ஒரு ரயில் தடத்தில் வேலைநிறுத்தம். ரசிகர்கள் இன்னொரு தடத்துக்கு மாறினார்கள். அந்த நிலையத்திலிருந்து வந்த கூட்டம் குறுகலான ஒரே வழியில் போய்க் குவிந்தது. அங்கேயே சீட்டுச் சோதனை வேறு. ஆட்டம் 36 நிமிடம் தாமதமானது. உயிர் போகாதது அதிர்ஷ்டம். ரயிலில் கூட்டம் மாறினால் நடைபாதையிலும் மாறும் என்பதை யோசிக்காததன் விலை அது. சென்னையிலும் 2023 கிரிக்கெட் உலகக் கோப்பையின்போது கடற்கரைக்கும் சிந்தாதிரிப்பேட்டைக்கும் இடையே பறக்கும் ரயில் ஓடவில்லை. வடக்கே போகிறவர்கள் எந்தப் பக்கம் திரும்புவார்கள் என்று தெருத்தெருவாகப் பார்க்கவேண்டியிருந்தது.

நிலைய வாசலில் கூட்டத்தை நிறுத்தித்தான் ஆகவேண்டும். "கொஞ்சம் நில்லுங்க சார், அடுத்த வண்டி வந்துடும்" என்று மைக்கில் காரணத்தோடு சொன்னால் ஜனங்கள் நிற்பார்கள். வாய் பேசாத தடுப்புக் கம்பியைத்தான் தள்ளுவார்கள்.

ஆனாலும் நிறுத்துவதற்குச் சிறந்த இடம் மைதானத்துக்குள்தான். ஆட்டம் முடிந்ததும் விளக்கை அணைக்காமல், கடைகளை மூடாமல், பெரிய திரையில் விக்கெட்டுகளைத் திரும்பக் காட்டி, கடைசி ரயில் எத்தனை மணிக்கு என்பதையும் கூடவே போடுங்கள் என்று ஒவ்வொரு ஆலோசனைக் கூட்டத்திலும் கேட்கிறேன். இருபது நிமிடம் போதும்.