நிமிடத்துக்கு 45 சுற்று

ஜனவரி 10

வெள்ளையடிக்க ஆள் வருகிறது என்று பரணைக் காலி செய்தோம். ஈயம் போன அண்டா, கால் ஒடிந்த தொட்டில், எல்லாவற்றுக்கும் பின்னால் அப்பாவின் தகரப் பெட்டி. மூடியில் பேட்டரித் தண்ணீர் பட்டு அரித்த வட்டம் அப்படியே இருக்கிறது.

திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே எங்கள் பக்கத்து ஊர்களில் கல்யாணமோ காதுகுத்தோ, அப்பாவின் மைக்செட்தான். கரண்ட் எட்டிப் பார்க்காத ஊர்களுக்குக் கார் பேட்டரியைச் சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு போவார். கரண்ட் வந்த பிறகும் பேட்டரியை விடவில்லை. “தாலி கட்டுற நேரத்துல நின்னுபோச்சுன்னா?” என்பார்.

உள்ளே 61 பிளேட்டுகள். இசைத்தட்டு என்ற சொல்லை நான் பள்ளிப் புத்தகத்தில்தான் பார்த்தேன். வீட்டில் பிளேட்டுதான். லேபிள் ஒவ்வொன்றிலும் சிவப்பு மையில் அப்பாவின் இனிஷியல். இரவல் போனால் திரும்பி வர வேண்டுமே.

“போகியில போட்டுடலாமாம்மா?” என்றார் வெள்ளையடிக்க வந்தவர். அம்மா பதில் சொல்லவில்லை. பெட்டியை மூடி அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள்.

ஜனவரி 11

காலை முழுவதும் துடைத்தோம். 78 சுற்றுப் பிளேட்டுகள் அரக்கு. ஸ்பிரிட் பட்டால் கரைந்துவிடும், பிழிந்த ஈரத்துணிதான் சரி. தவறி விழுந்தால் ஓடு மாதிரி உடையும். பின்னால் வந்தவை வினைல், வளைந்து கொடுக்கும். அம்மா அப்பாவின் பழைய வேட்டி ஒன்றைக் கிழித்துத் தந்தாள்.

லேபிளைப் பார்த்ததும் எனக்குப் பாட்டு வரவில்லை, பொழுது வந்தது. சீர்காழி கோவிந்தராஜனின் பிள்ளையார் பாட்டு என்றால் விடிகாலை நாலரை மணி. தென்னைமரத்தில் குழாயைக் கட்டிய கயிறு பனியில் நனைந்திருக்கும். எல்.ஆர்.ஈஸ்வரியின் அம்மன் பாட்டு ஆடி மாதக் கூழ். நாகூர் ஹனிபா என்றால் கந்தூரி. அன்றைக்கு அப்பா சினிமாப் பிளேட்டு எதையும் எடுத்துப் போக மாட்டார். ராஜரத்தினம் பிள்ளையின் தோடி, பந்தியெல்லாம் முடிந்து பெரியவர்கள் திண்ணையில் சாய்ந்த பிறகு. மணிக்கணக்கில் தோடி வாசித்த மனிதர். அரக்குப் பிளேட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று நான்கு நிமிடம்தான் கொள்ளும். அவசரமாகப் புரட்டிப் போட்டுவிட்டு, “இதுக்குள்ளயே என்னமா வாசிச்சிருக்கார் பாரு” என்பார் அப்பா, ஒவ்வொரு தடவையும் புதிதாகக் கேட்பவர் போல.

எந்தப் பிளேட்டு வாங்குவது என்பதை முடிவு செய்தது அம்மாதான். இலங்கை வானொலி எங்கள் ஊரில் நன்றாக எடுக்கும். அடுப்படியில் கேட்டுக்கொண்டே, “இது நிக்கும்” என்பாள். அநேகமாக நின்றது.

ஜனவரி 13, போகி

தெருவில் பாய்களும் துடைப்பங்களும் எரிந்தன. எங்கள் வாசலில் ஒரு கிழிந்த பாய் மட்டும்.

‘பாசமலர்’ பிளேட்டைக் கடைசியில்தான் எடுத்தேன். 1961 படம். ஈஸ்வரி பாடிய அந்தக் கல்யாணப் பாட்டைப் பெண் வண்டி ஏறும்போது போடுவார் அப்பா. எத்தனையோ பெண்களை அனுப்பிவைத்த பிளேட்டு அது. வெளிச்சத்தில் சாய்த்தபோது ஒரு கோடு தெரிந்தது. முதல் பாட்டின் பாதியில் தொடங்கி, வெளி விளிம்புவரை. முள்ளைத் தூக்காமல் வெளிப்பக்கமாக இழுத்தால் விழும் கோடு. பிள்ளைகள் நாங்கள் அப்படிச் செய்திருந்தால் அடி விழுந்திருக்கும்.

“உங்கக்கா கல்யாணத்தன்னைக்கு விழுந்தது” என்றாள் அம்மா. “கரண்ட் போயிடுச்சுன்னு பதறிப்போய் எடுத்தாங்க.”

எனக்கும் அது நினைவிருக்கிறது. 1978, எனக்கு ஒன்பது வயது. பாட்டு பாதியில் நின்றது. அப்பா மைக்செட் பக்கம் குனிந்தபடியே இருந்தார்.

ராத்திரி போனில் அந்தப் பாட்டைக் கேட்டேன். குரல் கண்ணாடி மாதிரி துல்லியம். பந்தல் மட்டும் வரவில்லை.

ஜனவரி 16

அக்கா வந்திருக்கிறாள். அப்பாவோடு தொழில் செய்தவரின் மகன் மன்னார்குடியில் ஒரு பிளேயரை இன்னும் ஓடும் நிலையில் வைத்திருக்கிறார். இரண்டு நாளைக்கு வாங்கி வந்தேன். கோட்டைப் பற்றி அக்காவிடம் எதுவும் சொல்லவில்லை.

பாட்டு தொடங்கியதுமே டிக், டிக். நிமிடத்துக்கு 45 சுற்று. சுற்றுக்கு ஒரு தடவை முள் அந்தக் கோட்டைத் தாண்டுகிறது. அக்கா புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டு கேட்டாள். பாதிப் பாட்டில் டிக் நின்றது. அதற்குப் பிறகு ஒரு கீறலும் இல்லை. அன்றைக்குப் பந்தலில் யாரும் கேட்காத மிச்சப் பாட்டு கூடத்தில் ஓடியது.

“வண்டி ஆலமரத்துக்கிட்ட திரும்புறப்ப நின்னுச்சு” என்றாள் அக்கா. “கரண்ட் போயிருக்கும்னு மச்சான் சொன்னாரு. நான் ஒண்ணும் சொல்லல. அப்பா செட்டு பேட்டரியில ஓடுறது எனக்குத் தெரியாதா?”