மாதா படமும் தேங்காய் எண்ணெயும்

வேளாங்கண்ணிக்குச் சென்று திரும்பும் நம் மக்கள் எதை வாங்க மறந்தாலும், அன்னையின் உருவம் பொறித்த ஒட்டுப்படம் ஒன்றை வாங்க மறப்பதில்லை. மெழுகுவர்த்தியும் எண்ணெய்ப் புட்டியும் வீட்டிற்குள் சென்றுவிடும். ஸ்டிக்கர் என்று யாவரும் அழைக்கும் அந்த ஒட்டுப்படமோ வண்டிக்குப் போய்விடும். ஸ்கூட்டர் முதல் சரக்கு லாரி வரை அது ஏறாத வாகனம் இல்லை. ஒட்டுவதற்கு அரை நிமிடம் போதும். பின்னொரு நாள் அதை எடுக்க வேண்டி வரும் என்று ஒட்டுகிறவர் எவரும் நினைத்துப் பார்ப்பதில்லை.

எடுக்க வேண்டிய நாள் வரத்தான் செய்கிறது. வண்டியை விற்கும்போது வருகிறது. சில வேளைகளில் சட்டமே அதை வரவழைக்கிறது. 2012-ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் உச்ச நீதிமன்றம் கார்க் கண்ணாடிகளில் கறுப்புத் தாள் ஒட்டுவதைத் தடை செய்தபோது ஒருமுறை வந்தது. 2024-ஆம் ஆண்டு மே 2-ஆம் நாள் முதல் சென்னைப் போக்குவரத்துக் காவல் துறையினர், பத்திரிகை, காவல், தலைமைச் செயலகம் என்றெல்லாம் உரிமையின்றி எழுதி ஒட்டிக்கொண்டோர் மீது நடவடிக்கை எடுக்கத் தொடங்கியபோது மறுமுறை வந்தது. அப்போதெல்லாம் மனிதர்கள் முதலில் தேடுவது பிளேடைத்தான்.

எங்கள் பங்கில் அந்த நாள் ஒரு கைம்பெண்ணின் வீட்டில் வந்தது. அவருடைய கணவர் சொந்தமாகச் சிறிய கார் ஒன்றை வைத்து வாடகைக்கு ஓட்டிப் பிழைத்தவர். மாரடைப்பில் திடீரென இறைவனடி சேர்ந்தார். மகள் செவிலியர் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு மாணவி. கட்டணம் செலுத்த வேண்டிய இறுதி நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. காரை விற்பதைத் தவிர வேறு வழி இல்லை. வந்து பார்த்த தரகர் முன்பக்கத்தை மெச்சினார். பின்பக்கத்தைப் பார்த்ததும் பேசிய விலையிலிருந்து பதினைந்தாயிரம் ரூபாயைக் குறைத்தார்.

பின்பக்கத்து டிக்கிக் கதவில் மூன்று ஒட்டுப்படங்கள் இருந்தன. உச்சியில் வேளாங்கண்ணி மாதா. நடுவில் வெள்ளை எழுத்துகளில் மகளின் பெயர். அடியில் ஓட்டுநர் சங்கமொன்றின் முத்திரை. உதவி செய்யும் ஆர்வத்தில் உறவுக்காரப் பையன் ஒருவன் சங்க முத்திரையைப் பிளேடால் சுரண்டத் தொடங்கியிருந்தான். தாள் பாதி போயிற்று. பசை முழுவதும் நின்றது. நின்ற பசையில் தெருப் புழுதி படிந்து கரிய படை போல் ஆயிற்று. அதன் நடுவே மூன்று நீண்ட கீறல்கள். இதைக் கண்ட தாய் அவனைத் தடுத்துவிட்டு நேரே என்னிடம் வந்தார்.

“சாமி, மாதா முகத்துல பிளேடு படலாமா? கிடைக்கிற விலைக்கே போகட்டும். அவரு கையால ஒட்டின படம்.”

அம்மையாருடைய கலக்கத்தில் இரண்டு கேள்விகள் கலந்திருந்தன. ஒன்று விசுவாசத்தைப் பற்றியது; மற்றது பசையைப் பற்றியது. முதலாவதற்கு விடை கூற நான் கடமைப்பட்டவன். திருவுருவங்களுக்குச் செய்யும் வணக்கம் அவை காட்டும் ஆளையே சென்று சேர்கிறது என்று 787-ஆம் ஆண்டில் கூடிய இரண்டாம் நிசேயாப் பொதுச்சங்கம் தெளிவுபடுத்தியது. ஆகவே, நைந்துபோன ஒரு படத்தை மரியாதையோடு அகற்றுவதால் அன்னைக்கு இழிவு நேர்ந்துவிடாது. நைந்த படத்தைப் புழுதியோடு அப்படியே அயலார் கையில் விட்டுவிடுவதுதான் உண்மையில் யோசிக்க வேண்டிய காரியம். மந்திரித்த பொருள்கள் பழுதடைந்தால் எரிப்பதோ மண்ணில் புதைப்பதோ நம் திருச்சபையின் நெடுநாளைய வழக்கம். இந்தப் படங்கள் பெரும்பாலும் பி.வி.சி. என்னும் பிளாஸ்டிக் தாளில் அச்சிடப்படுகின்றன. எரித்தால் நச்சுப் புகை எழும். எனவே புதைப்பதே தக்கது என்றேன். அம்மையார் ஒருவாறு தேறினார். “அப்படின்னா, கிழியாம எடுக்கணும் சாமி” என்றார்.

அதற்கு விடை குருமடத்தில் கற்பிக்கப்படவில்லை. எங்கள் ஊர்க் கடைத்தெருவில் நாற்பது ஆண்டுகளாகக் கார்ப் பட்டறை நடத்தும் இஸ்லாமியப் பெரியவர் ஒருவர் இருக்கிறார்; ஊரார் அனைவர்க்கும் அவர் பாய். செய்தி அனுப்பியதும் மாலைத் தொழுகையை முடித்துக்கொண்டு வந்தார். கீறல்களின் மேல் விரல் நகத்தை மெல்ல ஓட்டிப் பார்த்தார். இரண்டு கீறல்களில் நகம் தட்டவில்லை. ஒன்றில் தட்டி நின்றது. “ரெண்டு பாலிஷ்ல போகும் ஃபாதர். இது போகாது. பசையால ஒரு பைசா நஷ்டம் இல்ல, பிளேடாலதான்.”

அவர் கூறியதன் பொருள் பின்னர் எனக்கு நன்கு விளங்கிற்று. தொழிற்சாலையில் காருக்குப் பூசப்படும் வண்ணப் படைகள் எல்லாவற்றையும் சேர்த்தாலும், அவற்றின் தடிமன் நாம் எழுதும் தாளின் தடிமனை ஒட்டியதே. பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு, அல்லது அதற்குச் சற்று மேல். துருவைத் தடுக்கும் அடிப்பூச்சும், அதன்மேல் இடைப்பூச்சும், நிறமும், இக்காலத்துக் கார்களில் நிறத்தின் மேல் கண்ணாடி போன்ற தெளிபூச்சும் அதற்குள் அடங்க வேண்டும். அந்த மெல்லிய தாளின் மேல் இரும்பு அலகை வைத்து அழுத்துகிறோம்! பசையோ எத்தனை நாள் இருந்தாலும் அதன் மேலே உட்கார்ந்திருப்பதுதான்.

ஒட்டுப்படத்தின் பசை முற்றிலும் திடப்பொருளும் அன்று, முற்றிலும் திரவமும் அன்று. மிகமிகக் கெட்டியான பாகு போன்றது. ஒட்டிய நாளில் மேடுகளை மட்டும் தொட்டு நிற்கும். நாள் செல்லச் செல்ல மெல்ல வழிந்து, கண்ணுக்குத் தெரியாத பள்ளங்களிலெல்லாம் இறங்கிவிடும். அதனால்தான் அன்றே எடுத்தால் எளிதில் வரும் படம், மாதம் கழிந்தால் வர மறுக்கிறது. நம் ஊர் வெயிலோ இன்னொரு வேலையும் செய்கிறது. தாளுக்கு இளக்கம் தரும் பொருளை அது சிறிது சிறிதாகப் போக்கிவிடுகிறது. தாள் அப்பளம் போல் நொறுங்குகிறது, பசை இறுகுகிறது. ஆறேழு கோடைகளைக் கண்ட படம் உதிர்ந்து உதிர்ந்து வருவதன் காரணம் இதுவே.

பாய் மூன்று மாலைகள் வந்தார். முதல் மாலை சவர்க்கார நீரால் புழுதியைக் கழுவியதோடு சரி. புழுதியோடு தேய்த்தால் அதுவே உப்புத்தாளாகிவிடுமாம். வெயிலில் சுட்ட தகட்டின் மேல் எண்ணெயோ மருந்தோ படக்கூடாது என்று காரைக் கோவில் வேப்பமரத்து நிழலில் நிறுத்தச் செய்தார்.

இரண்டாம் மாலை மகள் தன் ஹேர் டிரையரைக் கொண்டுவந்தாள். கை தாங்கும் அளவு சூடு, அதற்கு மேல் இல்லை. அது இல்லாத வீட்டில் வெந்நீரில் நனைத்த துணியும் போதும். படம் இளகியதும் பாய் சற்று விலகி நின்று, “அம்மா படத்தை நீங்களே எடுங்கம்மா” என்றார். மரியம் அன்னையைத் தம் மறையும் போற்றுகிறது என்பதை அவர் அறிவார். ஆனால் அவர் விலகியது அதனால் மட்டும் என்று நான் எண்ணவில்லை. அத்தாய் நடுங்கும் விரல்களால் ஒரு மூலையை நகத்தால் கிளப்பி, பாய் சொன்னபடி நேராக இழுக்காமல், தாளைத் தன்மேலேயே மடித்து, தகட்டை ஒட்டினாற்போல் மெல்ல மெல்லப் பின்னோக்கி உரித்தார். ஒரு சாண் படத்திற்குக் கால் மணி நேரம் ஆயிற்று. ஓர் ஓரம் நொறுங்கியது. முகம் முழுமையாக வந்தது. மகளின் பெயரில் நான்கு எழுத்துகள் முழுதாகவும் மற்றவை துண்டு துண்டாகவும் வந்தன. தேவைப்பட்ட இடத்தில் காலாவதியான ஏ.டி.எம். அட்டையின் விளிம்பைப் பயன்படுத்தினோம். பிளேடு பையன் வீட்டிலேயே கிடந்தது.

எஞ்சிய பசையின் மேல் தேங்காய் எண்ணெயைத் தடவி, எண்ணெயில் தோய்த்த துணியையும் போர்த்திவிட்டு நாங்கள் செபமாலை சொல்லப் போய்விட்டோம். அரை மணி கழித்து வந்தபோது பசை குழைந்திருந்தது. கட்டைவிரலால் உருட்ட உருட்டக் கரிய உருளைகளாகத் திரண்டு வந்தது. எண்ணெய்க்கு இளகாத சில திட்டுகள் மட்டும் மூன்றாம் மாலைக்கு மிஞ்சின. பசைகளில் எண்ணெய்க்கு இணங்குவனவும் உண்டு, சாராய வகைக்கு இணங்குவனவும் உண்டு. மருந்துக் கடையில் விற்கும் ஸ்பிரிட்டைத் துணியில் சிறிது நனைத்து, முதலில் கதவின் உள்விளிம்பில் மறைவான ஓரிடத்தில் தேய்த்துப் பார்த்தார் பாய். துணியில் சிவப்பு ஏறவில்லை. பிறகே திட்டுகளைத் தொட்டார். தொட்டவுடன் நீரால் கழுவினார். முன்பெல்லாம் இதற்கு மண்ணெண்ணெய்தான். இப்போது அது எளிதில் கிடைப்பதில்லை. தின்னரையும் நகப்பூச்சு நீக்கும் திரவத்தையும் கார் அருகே கொண்டுவரவே கூடாது என்றார்: அவை பசையையும் கரைக்கும், வண்ணத்தையும் கரைக்கும். பெட்ரோலை ஊற்றித் துடைப்போரும் உண்டு. பீடி புகைக்கும் ஊரில் அது எத்தகைய அறிவு என்று சொல்லத் தேவையில்லை.

வேலைக்கு இடையில், பட்டறைகளில் பயன்படும் மாஸ்கிங் டேப்பைக் காட்டி, “இது மட்டும் பெயிண்ட்டைப் பிடிக்காது” என்றார் பாய். அதன் வரலாற்றை நான் படித்திருந்ததால் அவருக்குக் கூறினேன். 1920-களில் அமெரிக்காவில் இரு நிறக் கார்கள் மோகமாக இருந்தன. ஒரு நிறத்தை மறைத்து மறு நிறத்தைப் பூசுவதற்காகத் தாளை ஒட்டிய தொழிலாளர்கள், உரிக்கும்போது வண்ணமும் கூடவே உரிந்து வருவதைக் கண்டு நொந்துபோயினர். மினசோட்டா மாநிலத்து செயிண்ட் பால் நகரில், உப்புத்தாள் செய்யும் நிறுவனமொன்றின் இளம் ஊழியர் ரிச்சர்டு ட்ரூ, தம் தாளைச் சோதிக்கக் கார்ப் பட்டறைக்குச் சென்றவர் இந்தத் துயரத்தைக் கண்டார். பொறியியல் படிப்பை முடிக்காமல் விட்டவர்; பாஞ்சோ என்னும் நரம்பிசைக் கருவியை வாசித்தவர். ஒட்டவும் வேண்டும், ஊறின்றி விடவும் வேண்டும் என்ற ஒரு நாடாவைத் தேடி ஆண்டுக்கணக்கில் உழைத்து, 1925-இல் வெற்றி கண்டார். நாம் உறைகளில் ஒட்டும் தெளிந்த செலோபேன் நாடாவும் அவர் படைத்ததே. அது 1930-இல் வெளிவந்தது. பாய் கேட்டுவிட்டு, “நம்ம ஆளு” என்றார்.

எல்லாம் துடைத்து முடிந்தபோது ஒரு புதுச் சங்கடம் எழுந்தது. பசை இல்லை, ஆனால் மகளின் பெயர் இருந்தது! சுற்றிலும் வெயிலில் வெளுத்த சிவப்பு. எழுத்துகள் இருந்த இடத்தில் மட்டும் வாங்கிய நாளின் சிவப்பு. இதை வைத்து ஒரு பிரசங்கம் செய்துவிடலாம் என்று எனக்கும் தோன்றிற்று, செய்யவில்லை. காம்பவுண்டு என்னும் தேய்ப்புப் பசையால் சுற்றியுள்ள வெளுப்பை எடுத்தால் நிறம் ஒன்றுபடும் என்றும், ஆனால் தேய்க்குந்தோறும் வண்ணம் மெலியும் என்றும் பாய் விளக்கினார். ஒரு முறை மட்டும் இலேசாகத் தேய்த்து, மெழுகுப் பூச்சிட்டு நிறுத்திக்கொண்டார். பெயர் மங்கியது, சாய்ந்த வெயிலில் பார்த்தால் படிக்கலாம். தாய் அதைத் தடவிப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசவில்லை.

தரகர் மறுநாள் வந்தார். குறைத்த பதினைந்தாயிரத்தில் பதினோராயிரத்தைத் திரும்பச் சேர்த்தார். ஆழக் கீறிய அந்த ஒரு கோட்டிற்காக நாலாயிரத்தைப் பிடித்துக்கொண்டார். அது அநியாயமென்று நான் வாதாடினேன், பயனில்லை. கட்டணம் உரிய நாளில் செலுத்தப்பட்டது. பாய் கூலி வாங்க மறுத்துவிட்டார். கிறிஸ்துமஸ் அன்று பலகாரம் அனுப்ப வேண்டுமென்று மட்டும் கேட்டார். மாதா படத்தைக் கல்லறைத் தோட்டத்தில், கணவரின் கல்லறையை அடுத்து ஒரு முழம் ஆழத்தில் புதைத்தோம்.

இது நிகழ்ந்த பின், கோவிலில் திருமண ஓலை வாசிக்கும் வேளையில் இரு வீட்டாருக்கும் ஒரு வேண்டுகோளையும் சேர்த்துக்கொண்டேன். மணமக்கள் காருக்குப் பூவை நூலால் கட்டுங்கள். டேப் ஒட்டியே தீரவேண்டுமெனில் மாஸ்கிங் டேப்பை ஒட்டி, அன்றிரவே எடுத்துவிடுங்கள். வாடகைக் கார் ஓட்டுநர்கள் இருவர் இதற்காக வந்து நன்றி கூறினர். பூ அலங்காரம் செய்பவர் ஒருவர் மட்டும், நூல் கட்டினால் ஒரு மணி நேரம் கூடுதலாகிறதென்று என்மீது வருத்தத்தில் இருக்கிறார்.